பாத்திக் போட்ட சோறு

போன மாதம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கியபோது, பழைய பேப்பரில் சுற்றிய துணிச்சுருள் ஒன்று வந்தது. பெயிண்ட் அடிக்க வந்த பையன் பிரித்துப் பார்த்துவிட்டு, "சார், இது வேணுமா? ப்ரஷ் துடைக்க ஆகும்" என்றான். நல்லவேளை, கேட்டான்.

துணியில் ஒரு காளை. பழுப்பும் கருநீலமுமாக, தலையைத் தாழ்த்தி நிற்கிறது. கொம்பில் ஆரம்பித்த கோடு திமில் ஏறி, முதுகு வழுக்கி, வால் நுனியில்தான் முடிகிறது. நடுவில் எங்கும் கை எடுக்கவில்லை. உடம்பெல்லாம் தலைமுடி கனத்தில் நீல விரிசல்கள்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. எழுபதுகளில் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மாமா கொடுத்தது. எவர்சில்வர் குடம் எதிர்பார்த்திருந்த அம்மா ஒரு வாரம் இதையே பேசினாள்: "துணியில மாட்டைப் போட்டு, அதுக்கு நாப்பத்தஞ்சு ரூபாயாம்!" மாமா சிரித்துக்கொண்டே சொன்ன பதிலும் நினைவிருக்கிறது: "அக்கா, இது கடையில வாங்கினதில்ல. ஈஞ்சம்பாக்கத்துல ஆர்ட்டிஸ்ட் பசங்க ஒரு ஊர் கட்டிக்கிட்டிருக்காங்க. இதை வித்துச் சாப்பிடுவாங்க. சாப்பிட்ட தெம்புல படம் வரைவாங்க."

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவோ படித்திருக்கிறேன். மாமா சொன்ன அளவுக்குச் சரியாக யாரும் சொன்னதில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சென்னை எழும்பூர் பக்கம் போனால், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது. ஓவியத்தோடு உலோகம், மரம், மண் என்று கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்த இடம். மெரினாவில் நாம் தினம் கடந்துபோகும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி நீண்ட காலம் அங்கே முதல்வராக இருந்தார். அவருக்குப் பின் 1957-ல் அந்த நாற்காலிக்கு வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். கோவையில் பிறந்தவர். படம் வரைய வருவதற்கு முன்னால் குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் என்றால் என்ன, அது இல்லாமல் போனால் என்ன என்று தெரிந்த மனிதர்.

அவருக்கு ஒரு கவலை. வருஷா வருஷம் திறமையான பிள்ளைகள் டிப்ளமா வாங்கிக்கொண்டு வெளியே போகிறார்கள். போய் என்ன செய்கிறார்கள்? சிலருக்கு டிராயிங் மாஸ்டர் வேலை. சிலருக்கு நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் போடும் வேலை. சிலருக்கு விளம்பரக் கம்பெனி. மற்றவர்களுக்கு ஊருக்கு பஸ். ஓவியம் வாங்குகிறவர்கள் அன்றைய பம்பாயிலும் டெல்லியிலும் இருந்தார்கள். சென்னையில் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவார்கள், சுவருக்கு காலண்டர் மாட்டுவார்கள்.

பணிக்கர் கிராண்ட் கேட்டு மனுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மாணவர்களோடு கூடிப் பேசினார். கையில் இருப்பது என்ன? கைத்தொழில். பாத்திக் போடுவோம், செம்பு தட்டுவோம், விற்போம், சேர்ப்போம். அப்படித்தான் ஓவியர்களின் கைவினைச் சங்கம் உருவானது. துணி விற்ற காசைச் சேர்த்து, 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். சவுக்கும் மணலும்தான் அக்கம்பக்கம். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையெல்லாம் வெகு காலத்துக்குப் பிறகு வந்தது.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னிந்தியா முழுக்கவிருந்து வந்தவர்கள் அந்த மணலில் குடிசையும் வீடும் கட்டினார்கள். எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, கே.எம். கோபால், ஹரிதாசன், ஜெயபால பணிக்கர், அனிலா ஜேக்கப், அர்னவாஸ் என்று அந்த ஊரோடு சேர்ந்த பெயர்கள் நிறைய.

இனி என் புகார்.

சோழமண்டலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பாத்திக்கை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். "ஆரம்ப காலத்தில் பிழைப்புக்காகக் கைவினைப் பொருட்கள் செய்தனர்" என்று ஒரு வரி. அடுத்த வரியில் மாபெரும் இயக்கம், நவீனத்துவம், மரபின் மறுகண்டுபிடிப்பு. ஏதோ பெரிய மனிதர் வாழ்க்கை வரலாற்றில், சின்ன வயதில் ஹோட்டலில் டேபிள் துடைத்ததைச் சொல்கிற தோரணை. பாவம், கஷ்டப்பட்டார், பிறகு நல்லகாலம் பிறந்தது.

இது தப்பு என்பது என் கட்சி. பாத்திக் அவர்களுக்குச் சோறு மட்டும் போடவில்லை, கை போட்டுக் கொடுத்தது.

பாத்திக் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் புரியும். நம் ஊரில் பிறந்ததில்லை அது. ஜாவாவின் கலை. 1927-ல் தாகூர் ஜாவா போய்வந்த பிறகு சாந்திநிகேதனில் வேர்விட்டு, அங்கிருந்து பரவியது. துணியில் எந்த இடத்தில் சாயம் ஏறக்கூடாதோ அந்த இடத்தில் உருக்கிய மெழுகைப் பூசுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். வெந்நீர்ச் சாயம் கூடாது, மெழுகு கரைந்துவிடும்; ஆறிய சாயம்தான். முதலில் வெளிர் மஞ்சள், மறுபடி மெழுகு, பிறகு பழுப்பு, மறுபடி மெழுகு, கடைசியில் கருநீலம். வெளிரில் ஆரம்பித்து அடர்த்திக்குப் போக வேண்டும். திரும்பி வர வழி கிடையாது. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால்தான் என்ன வரைந்தோம் என்பதே முழுசாகத் தெரியும்.

தேன்மெழுகு வளைந்துகொடுக்கும். பாரஃபின் மெழுகு நொறுங்கும். இரண்டையும் எந்த அளவில் கலக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். நொறுங்கிய இடத்தில் சாயம் கசிந்து ஓடும் கோடுகள்தான் என் காளை மேல் இருக்கிற விரிசல்கள்.

இந்த வேலையில் ஒரு கட்டாயம் இருக்கிறது. சூடான மெழுகு தூரிகையில் ஆறுவதற்குள் கோட்டை முடித்தாக வேண்டும். யோசித்து நிறுத்தினால் சொட்டும். அழிக்க ரப்பர் இல்லை. நிழல் வைத்து, மெருகேற்றி, முப்பரிமாணம் காட்டவும் அதில் வசதி குறைவு, தட்டையாகத்தான் வரும். கோடுதான் எல்லாம்.

இப்போது சென்னைக் கலைஞர்களின் ஓவியங்களைப் பாருங்கள். மற்ற ஊர் நவீன ஓவியத்திலிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டுவது எது என்று கேட்டால், விமர்சகர்கள் சொல்கிற முதல் பதில் கோடு. அது கோயில் சிற்பத்திலிருந்து வந்தது, கோலத்திலிருந்து வந்தது, சுவடியிலிருந்து வந்தது என்பார்கள். வந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் தினமும் சூடான மெழுகைத் தூரிகையில் எடுத்து, நிறுத்தாமல் கோடு இழுத்த கை, மாலையில் கான்வாஸ் முன்னால் உட்காரும்போது அதை மறந்துவிடுமா? சங்கீத வித்வான்களுக்கு சாதகம் என்கிறோமே, இவர்களுக்கு அதைக் கொடுத்தது பாத்திக். அந்த சாதகத்துக்குக் காசும் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உலோகத்திலும் இதே கதை. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் 2017-ல் காலமானார். செம்பையும் பித்தளையையும் தட்டி, பற்றவைத்து அவர் செய்த சிற்பங்களைப் பார்த்தால் கோயில் வாகனம் ஞாபகம் வரும், சாமிக்குச் சாத்துகிற கவசம் ஞாபகம் வரும். முன்பக்கம் பார்த்து நிற்கிற, நகாசு வேலை நிறைந்த உருவங்கள். இது ஐரோப்பியப் புத்தகத்தில் படித்து வருகிற சமாசாரம் இல்லை. தகட்டைச் சுத்தியலால் தட்டிய கைக்குத்தான் வரும். வாசுதேவ் செம்புப் புடைப்புகள் செய்தார்; பெங்களூரில் ஒரு நெசவாளரோடு சேர்ந்து தம் ஓவியங்களைப் பட்டில் நெய்தார். கைத்தொழில் என்பது ஏறிய பிறகு உதைத்துத் தள்ளுகிற ஏணி இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பணிக்கரின் "வார்த்தைகளும் குறியீடுகளும்" வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாதகக் கட்டம் மாதிரி, கணக்கு நோட்டு மாதிரி, படிக்க முடியாத எழுத்துகளால் நிறைந்த படங்கள். முதல்முறை பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு ஜோசியர் கைமறதியாக விட்டுப்போன நோட்டுபோல இருந்தது. பிறகு புரிந்தது. இங்கே எழுத்து அர்த்தம் சொல்ல வரவில்லை, கோடாக நிற்க வந்திருக்கிறது. அவர் காலத்தில் அதற்கு வாங்குபவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இருந்தாலும் துணிந்து அந்த வழியில் போனார். சந்தைக்குப் பிடித்தது துணியில் இருக்கட்டும், எனக்குப் பிடித்தது கான்வாஸில் இருக்கட்டும் என்ற சுதந்திரம்தான் அந்த ஊரின் அஸ்திவாரம். கைத்தொழில் கலையைக் கெடுக்கவில்லை. கலையைச் சந்தையிடமிருந்து காப்பாற்றியது.

இன்னொரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. கே. ராமானுஜம். பேச்சு சரியாக வராது, கூட்டத்தோடு ஒட்ட வராது. கறுப்பு மையில் மாடங்களும் மாளிகைகளும் பறவைகளும் பாம்புகளுமாக ஒரு தனி உலகத்தையே வரைந்தவர். பொதுவாக வெளி உலகத்தில் அப்படி ஒருவருக்கு என்ன பெயர் வைப்போம் என்று உங்களுக்கே தெரியும். சோழமண்டலத்தில் அவருக்கு ஓவியர் என்று பெயர். 1973-ல், முப்பது தாண்டிய வயதிலேயே போய்விட்டார். ஊரும் அவரை முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சில வருஷங்கள் அவருக்கு ஓர் இடம் இருந்தது. இன்று பெரிய அருங்காட்சியகங்கள் தேடுகிற அந்தப் படங்கள் நமக்குக் கிடைத்ததில் அந்த மணலுக்குப் பங்கு உண்டு.

புகழ்ச்சி போதும். குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது, வாழ்த்துமடல் ஆகிவிடும்.

ஓவியங்களுக்கு வாங்குபவர்கள் வரத் தொடங்கியதும் பாத்திக் மெல்ல ஒதுங்கியது. நியாயம்தான். யாரும் ஆயுசு முழுக்க மெழுகு காய்ச்ச வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் அதோடு அடுத்த தலைமுறைக்கு உள்ளே வருகிற வாசலும் குறுகிவிட்டது. நிலம் அன்றைக்கு வாங்கிய அதே நிலம். ஈஞ்சம்பாக்கம் இப்போது மாநகராட்சிக்குள் வந்துவிட்டது, ஈ.சி.ஆரில் ஒரு கிரவுண்டு விலையைக் கேட்டால் எனக்கே படபடக்கிறது, போன வருஷம் கல்லூரி முடித்த சிற்பிக்கு எப்படி இருக்கும்? 2009-ல் அங்கே அழகான அருங்காட்சியகம் வந்தது. அவசியம் போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் அருங்காட்சியகம் என்பது நடந்து முடிந்ததைக் காட்டுகிற இடம். 1966-ல் நடந்தது மாதிரி இன்னொன்று எங்கே நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இதைவிடப் பெரிய குறை நம் எல்லோருடையது. அதற்குக் கும்பகோணம் பக்கம் சுவாமிமலை வரை போக வேண்டும்.

அங்கேயும் மெழுகுதான். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் செய்து, காவிரியின் வண்டல் மண்ணை மேலே பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வெளியே ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஆக, ஓர் அச்சுக்கு ஒரே சிலை. சோழர் காலத்து வித்தை. புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது.

இரண்டு இடத்திலும் மெழுகு. ஆனால் ஈஞ்சம்பாக்கத்தில் மெழுகு பிடித்தவருக்குப் பெயர் ஆர்ட்டிஸ்ட், சுவாமிமலையில் மெழுகு பிடித்தவருக்குப் பெயர் கைவினைஞர். முன்னவர் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவார். பின்னவர் செய்த நடராஜர் கப்பலேறிப் போவார். செய்த கையின் பெயர் ஊர் எல்லையைத் தாண்டாது. முன்னவரிடம் விலை கேட்டுவிட்டு மௌனமாகத் தலையாட்டுகிறோம். பின்னவரிடம் "கடைசியா என்ன தருவீங்க?" என்கிறோம்.

நானும் கேட்டிருக்கிறேன். சில வருஷம் முன்னால் நகரத்தில் ஒரு கைவினைக் கண்காட்சி. கையகல பித்தளை நந்தி, 3,000 ரூபாய் சொன்னார். அரைமணி நேரம் பேசி 2,200-க்கு இறக்கினேன். அவர் கோபப்படவில்லை. பேப்பரில் சுற்றிக்கொண்டே, "பித்தளை விலையைக் கழிச்சா நாள்கூலி வருதான்னு பாத்தேன் சார், வேற ஒண்ணுமில்ல" என்றார். அன்று ராத்திரி குடும்பத்தோடு ஹோட்டலில் சாப்பிட்ட பில் 2,400. அதில் ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. டிப்ஸ் வேறு வைத்தேன். நந்தி இப்போதும் என் மேஜையில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது.

கைவினைஞர்களை ஆதரிப்பது என்றதும் நமக்குத் தோன்றுவது பொன்னாடை, விருது, "அழிந்துவரும் கலை" என்று ஒரு டி.வி. நிகழ்ச்சி. இதில் எதையும் அடுப்பில் வைக்க முடியாது. முயற்சி எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. கமலாதேவி சட்டோபாத்யாய் முன்னின்று 1964-ல் உருவான இந்தியக் கைவினைக் கழகம் சென்னையில்தான் இருக்கிறது. மாநில அரசின் பூம்புகார் கடைகளுக்கு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சோழமண்டலத்திலிருந்து அதே சாலையில் இன்னும் தெற்கே போனால், 1996-ல் திறந்த தட்சிணசித்ரா. எல்லாம் நல்ல காரியங்கள்.

ஆனால் சோழமண்டலத்திடம் இருந்த ஒன்று இவற்றில் அபூர்வம். கடை செய்கிறவர்களுடையதாகவே இருந்தது. விற்றதில் ஒரு பங்கு சங்கத்துக்கு, மீதி செய்தவருக்கு. யாருக்கும் யாரும் தர்மம் செய்யவில்லை. நிலமும் அவர்களுடையது, பெயரும் அவர்களுடையது, விலை சொல்லும் உரிமையும் அவர்களுடையது. இந்த மூன்றும் சுவாமிமலைப் பட்டறைக்கும் பத்தமடைப் பாய்த் தறிக்கும் கிடைத்தால் போதும், அவர்களுக்கு நம் பரிதாபம் தேவைப்படாது.

நிலத்துக்கும் சங்கத்துக்கும் நான் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பெயரும் விலையும் நம் கையில் இருக்கின்றன. அடுத்தமுறை வாங்கும்போது "செஞ்சது யாரு?" என்று கேளுங்கள். சொன்ன பெயரைப் பொருளின் அடியில் எழுதிவையுங்கள். கேட்ட விலை கட்டாது என்றால் சின்னதாக வாங்குங்கள். பெரியதைச் சின்ன விலைக்குக் கேட்காதீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு மூன்றாவது சுவர்க்கடிகாரம் கொடுப்பதற்குப் பதில், எங்கள் மாமா மாதிரி ஒரு தடவை அம்மாவிடம் திட்டு வாங்குங்கள்.

காளைக்கு ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன். மாட்டுவதற்கு முன் நாலு மூலையிலும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கையெழுத்து இல்லை. பிழைப்புக்குச் செய்ததுதானே என்று போடாமல் விட்டாரோ, என்னவோ. போட்டிருக்கலாம். பெயிண்ட் வேலை முடித்துக் கணக்குத் தீர்க்க வந்த பையன் அதையே கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"கோட்டை எங்கயுமே நிறுத்தல பாருங்க சார்" என்றான்.

எத்தனையோ கட்டுரைகள் பார்க்கத் தவறியதை அவன் பார்த்துவிட்டான். அவனும் தினம் ப்ரஷ் பிடிக்கிறவன், அதனால்தான். கூலியில் பேரம் பேசாமல் கொடுத்தேன்.